சின்ன பேஸ் ஆம்ப் திருவிழா மேடைக்குத் தாங்குமா?

வணக்கம் நண்பர்களே. மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். முதுகுவலி தாங்காமல் பழைய பெரிய ஆம்பை விற்றுவிட்டு, இரண்டரைக் கிலோ கிளாஸ் டி ஹெட்டும் (எடை குறைந்த ஆம்ப் பகுதி), 12 இன்ச் ஸ்பீக்கர் ஒன்று உள்ள 8 ஓம் கேபினட்டும் (ஸ்பீக்கர் பெட்டி) வாங்கினேன். 4 ஓமில் 500 வாட் தரும் ஹெட். ஒற்றைக் கேபினட் 8 ஓம் என்பதால் 300 வாட் அளவுதான் கிடைக்கிறது.

கல்யாண மண்டபத்துக்கு இதுவே தாராளம், அவ்வளவு தெளிவான சத்தம். போன வாரம் கோயில் திருவிழா, திறந்தவெளி மேடை. டிரம்ஸ் ஏறியதும் ஈ ஸ்ட்ரிங்கின் 41 ஹெர்ட்ஸ் அடிச்சத்தம் என் காதுக்கே எட்டவில்லை. டிஐ (ஆம்பிலிருந்து நேராக சிக்னல் எடுக்கும் இணைப்பு) வழியாக மிக்சருக்குப் போனதால் கூட்டத்துக்கு நன்றாகக் கேட்டதாம். மேடையில் நானும் டிரம்மரும்தான் தவித்துப்போனோம்.

இன்னொரு 8 ஓம் கேபினட் சேர்த்து 4 ஓமாக்குவதா, மானிட்டரில் (வாசிப்பவர்களுக்கான மேடை ஸ்பீக்கர்) பேஸ் கேட்டு வாங்குவதா? டிஐயை ஆம்பின் ஈக்யூவுக்கு (தொனியைச் சரிசெய்யும் பகுதி) முன்னால் எடுக்கிறீர்களா, பின்னாலா? அடுத்த மாதம் மறுபடி திருவிழா மேடை. வாசித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.