குவார்ட்ஸ் படிகத்தைத் தேய்க்கத் தூள் தேடிய கதை

வானொலிக் கருவியின் அதிர்வெண்ணை நிர்ணயிப்பது ஒரு மெல்லிய குவார்ட்ஸ் படிகத் தகடு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்காகத் தயாரான எஃப்டி-243 வகைப் படிகங்கள் இரண்டு என்னிடம் வந்து சேர்ந்தன. இரண்டும் 7000 கிலோஹெர்ட்ஸ். நான் விரும்பியது 7050. படிகத்தின் கனம் குறையக் குறைய அதிர்வெண் ஏறும். ஏடி வெட்டு எனப்படும் கோணத்தில் வெட்டிய படிகத்தில் இந்த அதிர்வெண்ணுக்குரிய கனம் ஏறத்தாழ 0.237 மில்லிமீட்டர்தான் என்பதால், ஒரு மைக்ரான் தேய்ந்தாலே சுமார் 30 கிலோஹெர்ட்ஸ் கூடிவிடும். ஆகவே, இரண்டு மைக்ரானுக்கும் குறைவாகத் தேய்க்கக்கூடிய தூள்தான் எனக்குத் தேவைப்பட்டது.

முதலில் பற்பசையைப் போட்டு ஒரு மணி நேரம் தேய்த்தும் அதிர்வெண் அசையவே இல்லை. மோஸ் கடின அளவுகோலில் பற்பசையிலுள்ள சுண்ணாம்பின் கடினம் 3, குவார்ட்ஸின் கடினம் 7 என்னும்போது அது எப்படித் தேயும்?

அடுத்து, வண்டி உதிரிபாகக் கடையில் எஞ்சின் வால்வைத் தேய்க்கும் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் வாங்கினேன். டப்பாவின் நைசான பக்கத்திலிருந்த பசையைக் கண்ணாடித் தட்டில் தடவி, எட்டு வடிவத்தில் பதினைந்து சுற்று தேய்த்தேன். பசையின் எண்ணெய் ஒட்டியிருந்தவரை படிகம் அதிரவே மறுத்தது. சோப்புத் தண்ணீரில் பல்துலக்கியால் நன்றாகக் கழுவிய பிறகு பார்த்தால் 7130-ஐ எட்டியிருந்தது. லென்ஸில் பார்த்தபோது முகமெங்கும் கீறல். தேய்த்த கனத்தைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை என்பதால் அன்று மிகவும் வருந்தினேன்.

தொலைநோக்கி ஆடி தேய்க்கும் நண்பர் ஒருவர் 600-ஆம் எண் கார்போரண்டம் (சிலிக்கன் கார்பைடு) தூள் கொடுத்து, அதை அப்படியே பயன்படுத்தக் கூடாது என்றும் சொன்னார். ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கிச் சிறிது நேரம் விட்டால் பருமணிகள் அடியில் தங்கிவிடும். மேலே கலங்கி நிற்கும் நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றி இரவு முழுவதும் வைத்தால், காலையில் அடியில் சாம்பல் நிறச் சேறு படிந்திருக்கும். அந்தச் சேற்றில் படிகம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. ஒரேயொரு பருமணி கலந்திருந்தாலும் ‘கரக்’ என்ற ஓசை விரல் நுனிக்கே தெரிந்துவிடும். உடனே நிறுத்திக் கண்ணாடியைக் கழுவிவிட வேண்டும். தூளின் கடினத்தைக் காட்டிலும் மணிகள் ஒரே அளவாக இருப்பதே முக்கியம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இரண்டாவது படிகத்தின் ஒரு பக்கத்தில் பென்சிலால் குறியிட்டு, மறுபக்கத்தை மட்டும் ஆறு ஆறு சுற்றாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் கழுவி அளந்து, 7048-இல் நிறுத்தினேன். குவார்ட்ஸ் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதால் ஒருபோதும் உலர்வாகத் தேய்க்காதீர்கள்.

கடைசிச் சில கிலோஹெர்ட்ஸைக் கண்ணாடி மெருகேற்றும் தூளான சீரியம் ஆக்சைடால் எட்டியவர்கள் இருந்தால், எத்தனை சுற்றுக்கு எவ்வளவு ஏறியது என்று எழுதுங்கள்.