விதைத் திருவிழாவுக்கு உகந்த இடம்: மண்டபமா, கோயில் திடலா, பள்ளி மைதானமா?

கோரையாறு (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலம் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில், பாரம்பரிய நெல் பயிரிடும் உழவர்கள் சேர்ந்து வைகாசிக் கடைசியில் ஒரு நாள் விதைப் பரிமாற்றத் திருவிழா நடத்த முடிவு செய்திருக்கிறோம். சம்பாவுக்கு நாற்று விடுவதற்கு முன்பே மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, குடவாழை ஆகிய விதைகள் உழவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் நாளைத் தள்ளிப்போட இயலாது. சுற்றுவட்டாரத்திலிருந்து ஐந்நூறு பேர் வரை வருவார்கள். மதியச் சாப்பாடும் உண்டு.

மூன்று இடங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று, நெடுஞ்சாலையோரக் கல்யாண மண்டபம். கூடம் மாடியில், சாப்பாட்டுப் பந்தி கீழே. இரண்டாவது, குளத்தை ஒட்டிய சிவன் கோயில் திடல். மூன்றாவது, ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் மைதானம். கோயில் திடலில் கீற்றுப் பந்தல் போட்டால் குளிர்ச்சியாகவும் இருக்கும், செலவும் குறையும் என்பது ஊர்ப் பெரியவர்களின் கருத்து. விழா நடத்திப் பழகியவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

குடமுருட்டி

வணக்கம் ஐயா. நிழலையும் வாடகையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் மூன்று இடங்களுக்கும் நேரில் போய், ஐந்நூறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓட நேர்ந்தால் எந்த வழியாக வெளியேறுவார்கள், அந்த வழியின் அகலம் என்ன என்று நடந்து பாருங்கள். நம் பகுதி இதற்குக் கொடுத்த விலை பெரிது. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயிலில் குடமுழுக்குக்காகப் போட்ட யாகசாலைப் பந்தல் தீப்பற்றி, தீயிலும் நெரிசலிலுமாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் எரிந்தது. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டுதான் இருந்தது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதே ஆண்டு ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் பற்றிய தீ கூரைக் கீற்றுக்குத் தாவி 94 குழந்தைகளைப் பறித்துக்கொண்டது. இவற்றுக்குப் பின்பும் ஒரு பந்தலைக் குளிர்ச்சிக்காகவும் சிக்கனத்துக்காகவும் மட்டும் தேர்ந்தெடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தக் கணக்கில் பார்த்தால், மண்டபத்தின் மாடிக் கூடத்துக்கு இரண்டாவது படிக்கட்டு இருக்கிறதா, அது பூட்டப்படாமலும் பாத்திரபண்டங்கள் அடைக்கப்படாமலும் இருக்கிறதா என்று தெரியாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். தவிர, வைகாசி முகூர்த்த மாதம். நீங்கள் கேட்கும் நாளில் மண்டபம் கிடைப்பதே அரிது. கோயில் திடலுக்கு ஒரு பக்கம் குளம், இன்னொரு பக்கம் மதில் என்றால், மிஞ்சுவது ஒரே தெருதான். அந்தத் தெருவிலும் அன்று வண்டிகள் நிற்கும். ஆகவே என் வாக்கு பள்ளி மைதானத்துக்கே. எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு வாயில்கள் இருக்கட்டும். பின்வாயிலின் பூட்டை முந்தைய நாளே திறந்து, சாவியைப் பொறுப்பான ஒருவரிடம் கொடுத்து, அன்று முழுவதும் அவரை அங்கேயே நிறுத்துங்கள்.

பந்தல் தகரத்தில் போடுங்கள். உச்சி வெயிலில் தகரம் அனல் கக்கும் என்பது உண்மைதான். பந்தலை உயர்த்திப் போட்டு, நான்கு பக்கமும் திறந்துவிட்டு, காலை ஏழு மணிக்கே தொடங்கி நண்பகலுக்குள் பேச்சுகளை முடித்துக்கொண்டால் அதைச் சமாளித்துவிடலாம். வைகாசியில் பகல் பொழுதில் மேல்காற்று பலமாக அடிக்கும் என்பதால் சமையல் கொட்டகையைப் பந்தலுக்குக் கிழக்கே அமையுங்கள். பிற்பகலில் கடற்காற்றுத் திரும்பக்கூடும். அதனால் இடைவெளி நூறு அடிக்குக் குறையாமல் இருக்கட்டும்.

வெண்ணாறு

குடமுருட்டி ஐயா வழியைப் பார்க்கச் சொன்னார். நான் தலைக்கு மேலே பார்க்கச் சொல்கிறேன். 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சைக்கு அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்ததை நாம் மறக்க முடியாது. மைதானத்தின் மீதோ விளிம்பிலோ மின்கம்பி போகிறது என்றால், பந்தல் கால் நடும் இடத்தையும், அதைவிட முக்கியமாக, இரும்புக் குழாயை நிமிர்த்தி நிறுத்தும் இடத்தையும் கம்பியிலிருந்து வெகுதூரம் தள்ளிக் குறித்துக் கொடுங்கள். வரவேற்புப் பதாகை கட்டுபவர்கள் கடைசி நேரத்தில் எங்கே கம்பம் நடுகிறார்கள் என்பதையும் ஒருவர் கவனிக்க வேண்டும்.

தகரப் பந்தலில் ஓர் ஆபத்து உண்டு. ஓரிடத்தில் மின்கசிவு ஏற்பட்டால் காலிலும் கூரையிலும் ஒருசேர மின்சாரம் பாயும். எனவே மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக்கு முறையாக விண்ணப்பித்து, 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவியைப் பொருத்தச் சொல்லுங்கள். பந்தலின் இரும்புச் சட்டத்துக்குத் தனியாக எர்த் போடச் சொல்லுங்கள். மைக் செட்காரர் வயர் இழுத்த பிறகு அந்த வயர் நெடுகிலும் நடந்து பாருங்கள். இரண்டு வயர்களை முறுக்கி, மேலே கறுப்பு டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி, அந்த இணைப்பைப் புல்தரையிலேயே போட்டுவிட்டுப் போவது வழக்கம். கோடை மழை கால் மணி நேரம் பெய்தால் அந்த இடமே எமனாகிவிடும். இணைப்பு எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்கிவிடுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை என்பதால், முந்தைய இரவு மைக் சோதனையையும் அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

பாமணியாறு

விதை பாதுகாக்கும் பெண் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். பாதுகாப்பைப் பற்றி ஐயா இருவரும் சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல இல்லை. ஆனால் இது விதைத் திருவிழா. பத்து இரக நெல்லையும் ஒரே தார்ப்பாயில் பக்கத்துப் பக்கத்தில் கொட்டி வைத்தால், மாலைக்குள் தூயமல்லியில் கிச்சிலிச் சம்பா கலந்திருக்கும். குனிந்து அள்ளுபவரின் விரல்களில் ஒட்டியும், காலில் இடறியும் ஓரிரு மணிகள் தெறித்தாலே போதும், அடுத்த போகத்தில் வயலில் கலப்புக் கதிர் எழும்பும். எனவே தரையில் எதையும் பரப்ப வேண்டாம். ஒவ்வோர் இரகத்துக்கும் தனி மேசை, மேசைக்கு மேசை இரண்டு பேர் தாராளமாக நிற்கும் இடைவெளி, இரகத்துக்கு ஒரு படி, ஒருபக்கமாக நுழைந்து மறுபக்கமாக வெளியேறும் வரிசை என்று அமையுங்கள். நெல் விதையின் ஈரப்பதம் 13 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே மூட்டைகளை முந்தைய இரவு பந்தலில் விடாமல், பள்ளியின் ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கி, தரையில் படாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

நீடாமங்கலம் பக்கம் பெரும்பாலும் களிமண். வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். ஒரு மழை பெய்தால் வழுக்கும். முதியவர்கள் நடக்கும் பாதையில் மட்டுமாவது அரைவை மில்லிலிருந்து உமி வாங்கிக் கனமாகப் பரப்புங்கள். வெடிப்பின் மேல் பந்தல் கால் நட விடாதீர்கள். ஈரம் இறங்கியதும் அந்தக் கால் ஆடத் தொடங்கும்.

ஊருக்குள் வரும் பாதையையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். ஜூன் 12 அன்று மேட்டூரில் தண்ணீர் திறப்பது வழக்கம் என்பதால், அதற்கு முந்தைய வாரங்களில்தான் ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் தூர்வாரும் வேலை நடக்கும். வாரிய மண்ணைக் கரைமேலேயே குவித்து வைத்தால் வேன் வர முடியாது. ஓர் ஆம்புலன்ஸ் வர வேண்டியிருந்தாலும் முடியாது.

பள்ளிக் கழிவறை குழந்தைகளின் அளவுக்குக் கட்டியது. விடுமுறையில் குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதும் ஐயமே. பெண்கள் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இதுவே காரணம். வைகாசி வெயிலில் அது உடம்புக்குக் கேடு. குறைந்தது நான்கு நடமாடும் கழிவறைகளை வரவழைத்து, அவற்றில் பெண்களுக்கானவற்றைத் தனிப் பக்கத்தில் நிறுத்தி, தண்ணீர்த் தொட்டி நிரப்ப ஓர் ஆளைப் போடுங்கள். நீர்மோர் எவ்வளவு கொடுத்தாலும், கழிவறை சரியில்லை என்றால் யாரும் குடிக்க மாட்டார்கள்.

கோரையாறு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியவர்களிடம் கும்பகோணத்தையும் ஸ்ரீரங்கத்தையும் நினைவுபடுத்தியபோது அவர்களே கீற்று வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பள்ளி மைதானம் என்று முடிவாயிற்று; பின்வாயில் எட்டடி அகலம் இருக்கிறது. ஒரே ஐயம்: ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறந்துவிடும் என்பதால் தலைமை ஆசிரியர் தயங்குகிறார். அவருக்கு எப்படி உறுதி கொடுப்பது?

குடமுருட்டி

அவர் தயங்குவது நியாயமே. பந்தல் பிரித்த மறுநாளே கால் குழிகள் அனைத்தையும் மண் போட்டுக் கெட்டிப்பதாகவும், ஆணி, கட்டுக்கம்பித் துண்டுகளைப் பொறுக்கி எடுப்பதாகவும், கோட்டை அடுப்புச் சாம்பலைத் தண்ணீர் ஊற்றி அணைத்து வெளியேற்றுவதாகவும் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். பந்தல்காரருக்குக் கொடுக்கும் கடைசித் தவணையை, தலைமை ஆசிரியர் மைதானத்தைச் சுற்றிப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே கொடுப்பதாகவும் அதில் எழுதிவிடுங்கள்.