துறைமுகக் காட்சி: மூன்றாவது வாஷில் (நீர்த்த வண்ணப் பூச்சில்) எல்லாம் சேறாகிறது

நீலச்சாயம்:
சிங்கப்பூர் வெஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து தெரியும் பாசிர் பாஞ்சாங் சரக்குக் கப்பல் முனையத்தை வாட்டர்கலரில் வரைகிறேன். 300 ஜிஎஸ்எம், அதாவது கனமான பருத்தித் தாள். முதலில் வானம், அதன்மேல் தூரத்து கிரேன்கள், பிறகு கப்பல். கப்பலுக்கு வரும்போது கீழடுக்கு கரைந்து சேறாகிவிடுகிறது. சாம்பலுக்கு அல்ட்ராமரின் (நீலம்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), கறுப்பு, மஞ்சள் ஓக்கர் கலக்கிறேன். என்ன செய்யலாம்?

ஈரத்தாள்:
கறுப்பையும் ஓக்கரையும் விடுங்கள். மற்ற இரண்டுமே போதும்: சியன்னா கூடினால் வெதுவெதுப்பான சாம்பல், அல்ட்ராமரின் கூடினால் குளிர்ந்த சாம்பல். தூரத்துக்கு தே ஓ (பாலில்லாத தேநீர்) பதம், கப்பலுக்குப் பால் பதம், கிட்டத்துப் படகுத்துறைக் கம்பங்களுக்கு மட்டும் கெட்டியாக.

கரைவதற்குக் காரணம், அல்ட்ராமரின் தாளில் ஊறாமல் மேலாகவே தங்கும். ஈரத் தூரிகையால் ரெண்டு தடவை தேய்த்தாலே எழும்பிவிடும். அதனால் அடியடுக்குக்கு தாலோ நீலத்தை சியன்னாவோடு நன்றாக நீர்த்துப் போடுங்கள். அது தாளைப் பிடித்துக்கொள்ளும். மேலடுக்குக்கு ஒரு அங்குல மென்மையான தட்டைத் தூரிகை, ஒரே இழுப்பு. போன இடத்துக்குத் திரும்பக் கூடாது.

உப்புக்காற்று:
நிறத்தைவிட ஈரம்தான் காரணமாக இருக்கும். நம்மூர்க் காற்றில் மினுமினுப்பு போன பிறகும் தாளுக்குள் ஈரம் நிற்கும். புறங்கையை வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் இன்னும் காயவில்லை. ஏர்கானை டிரை மோடில் வைத்தால் சீக்கிரம் காயும். ஹேர் டிரையர் என்றால் மினுமினுப்பு அடங்கிய பிறகுதான். முன்னாலேயே பிடித்தால் தேங்கிய நீர் ஓடி காலிஃபிளவர் கறை விழும். சூடு ஆறியபின் அடுத்த வாஷ்.

மங்கல்கோடு:
தூரம் என்றாலே நீலம் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். புகைமூட்ட நாளில் தூரம் மஞ்சள் கலந்த சாம்பலாகத் தெரியும், அப்போது சியன்னாவைக் கூட்டுங்கள். கிரேன் கால்கள் தண்ணீரைத் தொடும் இடத்தை ஈரத் தூரிகையால் மங்கலாக்கினாலே பாதி மூட்டம் வந்துவிடும். கிரேன்களின் நிழலுருவைக் கப்பலைவிட ஒரு படி வெளிறலாகப் போடுங்கள். பலரும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள்.

நீலச்சாயம்:
நன்றி. கப்பலின் வெள்ளை விளக்குகள்?

ஈரத்தாள்:
பெரிதாயிருந்தால் தாளின் வெள்ளையையே விடுங்கள். புள்ளிகளுக்கு வெள்ளை குவாஷ் (அடியை மறைக்கும் நீர்வண்ணம்), எல்லாம் காய்ந்த பிறகு. அதன்மேல் மறுபடி வாஷ் போட்டால் பால் கலந்ததுபோல் வெளுத்துவிடும்.