கையைக் கண்டாலே சீறும் காக்டெய்ல் கிளி

பல்லடத்தில் இருக்கிறோம். சாம்பல் நிற காக்டெய்ல் (cockatiel, கொண்டை வைத்த சின்னக் கிளி), வாங்கி ஆறு வாரம். வயது நாலு மாதம் என்றார்கள். கூண்டுக்குள் கையை விட்டால் கொண்டையைத் தலையோடு படுக்க வைத்துச் சீறுகிறது, மூலைக்கு ஓடிப் படபடக்கிறது.

முதல் வாரம் தொந்தரவே செய்யவில்லை. அப்புறம் தினமும் காலையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். கம்பிக்கு வெளியே இருந்து தினைக் கதிரை நீட்டினால் கழுத்தை மட்டும் எட்டிக் கொத்தும். கதவைத் திறந்தால் அதுவும் போச்சு. பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தத்துக்குக்கூடப் பழகிவிட்டது, கைக்குத்தான் இல்லை. கடையில் துண்டு போட்டு அமுக்கிப் பிடித்தார்கள், அந்தப் பயமோ என்னவோ. றெக்கையை வெட்டச் சொல்கிறார் அப்புச்சி, எனக்கு மனசில்லை. தீனி, எச்சம் எல்லாம் சரியாக இருக்கிறது.

கம்பிவழிக் கதிருக்கும் கைமேல் ஏறுவதற்கும் நடுவில் நீங்கள் என்ன செய்தீங்க?