கியோட்டோ போகிறோம், ஊர்க்காரர்களுக்குத் தொந்தரவு தராமல் சுற்ற வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நவம்பர் மூன்றாவது வாரம் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகளோடு கியோட்டோவில் ஐந்து நாள் தங்கப் போகிறோம். இலை சிவக்கும் பருவம், கூட்டம் நெரியும் என்று தெரியும்.

போன வருஷம் போய்வந்த சொந்தக்காரர் கியோனில் (கெய்ஷா எனும் பாரம்பரியக் கலைஞர்கள் வேலை செய்யும் பழைய பகுதி) எடுத்த வீடியோவைக் காட்டினார். ஒரு மைக்கோ, அதாவது கெய்ஷா ஆகப் பயிற்சி பெறும் இளம்பெண், தலையைக் குனிந்தபடி வேலைக்கு விரைகிறார். முகத்துக்கு நேரே நான்கைந்து போன்கள். கிமோனோவின் நீண்ட கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கிப் போனார். பார்க்கவே சங்கடமாக இருந்தது. 2024 முதல் அங்குள்ள தனியார் சந்துகளில் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை. மீறினால் 10,000 யென் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். ஹனாமிகோஜி பொதுத்தெருதான். ஆனால் அதிலிருந்து பிரியும் சந்துகளில் எதில் நுழையலாம், எதில் கூடாது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அப்புறம் பஸ். ஊர்க்காரர்கள் ஏறவே முடியாத அளவுக்கு நெரிசல் என்கிறார்கள். அதனால் ஃபுஷிமி இனாரி கோவிலுக்கு ரயிலில் போய்விடுவோம். கியோமிசு கோவிலுக்குத்தான் குழப்பம்: அம்மாவுக்கு மூட்டு வலி, ஏற்றத்தில் நடக்க முடியாது. காலை ஆறு மணிக்கே திறந்துவிடுவார்கள் என்பதால் விடியற்காலையில் டாக்சியில் போகலாமா? எவ்வளவு தூரம் வரை விடுவார்கள்?

பெட்டிகளை ஒசாகா ஓட்டலிலிருந்தே கூரியரில் அனுப்பிவிட நினைக்கிறோம். எத்தனை நாள் முன்னால் கொடுக்க வேண்டும்? நிஷிகி சந்தையில் வாங்கியதைக் கடை முன்னாலேயே நின்று சாப்பிட்டால் சரிதானே?

ஜப்பானிலேயே இருப்பவர்கள் பதில் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.