மோட்டார்ஹோம் எலெக்ட்ரிக் படி மக்கர் பண்ணுதா? பட்டவங்க வந்து சொல்லுங்க

கடலோர வண்டி (டெக்சஸ்)

மோட்டார்ஹோம்ல (உள்ளயே தங்கி ஊர் சுத்தற வீட்டு வண்டி) டயர், ஜெனரேட்டர், ஸ்லைடு-அவுட் (பக்கவாட்டுல வெளிய நீள்ற அறை) பத்தியெல்லாம் நம்மாளுங்க பக்கம் பக்கமா எழுதிட்டாங்க, கதவ தொறந்தா மோட்டார்ல தானா வெளிய வந்து, மூடினா உள்ள போற வாசப்படிய பத்தி மட்டும் யாரும் பேசறதே இல்ல. ஆனா வண்டி கேம்ப்ல நிக்கும்போது ஒரு நாளைக்கு எத்தன தடவ கதவு தொறந்து மூடறோமோ அத்தன தடவயும் அந்த மோட்டார் ஓடணும், அதுவும் வண்டிக்கு அடியில சேறும் தண்ணியும் அடிக்கிற எடத்துல உக்காந்துகிட்டு. அதான் ஆரம்பிக்கறேன்.

எங்களுது ஃபோர்டு ஈ-450 வேன் சேஸி மேல கட்டின கிளாஸ் சி ரக மோட்டார்ஹோம். கால்வெஸ்டன், பாட்ரே ஐலண்டுன்னு கடல் பக்கமே அதிகம் சுத்துவோம். கொஞ்ச நாளாவே படி ஒரு மாதிரிதான் இருந்துச்சு, கதவ தொறந்தா பாதி வந்து நின்னுடும், மறுபடி மூடித் தொறந்தா முழுசா வரும், என்ஜின் ஓடிக்கிட்டிருந்தா ஒழுங்கா வரும் நிறுத்திட்டா திரும்ப பழைய கதை. சர்வீஸ்ல கேட்டதுக்கு கன்ட்ரோல் பாக்ஸ் மோட்டார் ரெண்டும் மாத்தணும்னாங்க, வண்டிக்கு அடியில குனிஞ்சுகூட பாக்கல. எனக்கு அங்கதான் உறுத்துச்சு. என்ஜின் ஓடும்போது சரியா வேலை செய்யுதுன்னா அப்போ ஆல்டர்னேட்டர் 14 வோல்ட் பக்கம் குடுக்குது, நிறுத்தினா பேட்டரி 12.6, அந்த வித்தியாசத்துலயே தடுமாறுதுன்னா வழியில எங்கயோ கரண்ட் தின்னுட்டுப் போகுதுன்னுதான அர்த்தம்.

மல்டிமீட்டர வச்சு படிகிட்ட வர்ற ஒயர்ல பாத்தேன், 12.5 காட்டுச்சு. இங்கதான் நிறைய பேரு "வோல்ட் வருதுப்பா, அப்ப பாக்ஸ்தான் போச்சு"ன்னு முடிவு பண்ணிடறாங்க. மோட்டார் ஓடாதப்ப எடுத்த ரீடிங்க நம்பவே கூடாது. ஒரு ஆளு கதவ தொறந்து படிய ஓட விடணும், அந்த நேரத்துல மீட்டர் என்ன சொல்லுதுன்னு பாக்கணும். வீட்டுக்காரம்மா கதவ தொறந்தாங்க, பொசுக்குன்னு 9க்கு கீழ விழுந்துச்சு. அப்புறம் பேட்டரி நெகட்டிவ்ல ஒரு முனையும் படியோட இரும்புல ஒரு முனையும் வச்சு மறுபடி ஓட விட்டா ரெண்டு வோல்ட்டுக்கு மேல காட்டுது. நல்ல கிரவுண்டா (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்கு திரும்பற வழி) இருந்தா அரை வோல்ட்கூட காட்டக் கூடாது. போய்ப் பாத்தா கிரவுண்டு ஒயர் சேஸில முடுக்கியிருக்கிற போல்ட்டு உப்புல பூத்துப் போயி கெடக்கு. கழட்டி, ஒயர் பிரஷ்ஷால இரும்பு பளபளன்னு தெரியற வரைக்கும் தேச்சு, புது ரிங் டெர்மினல் போட்டு, மேல டைஎலெக்ட்ரிக் கிரீஸ் (ஈரம் அண்டாம காக்கற கிரீஸ்) பூசி முடுக்கினேன். அவ்வளவுதான், அன்னைலேர்ந்து படி விறுவிறுன்னு வருது. பாக்ஸும் மாத்தல மோட்டாரும் மாத்தல.

அதனால எல்லாருக்கும் சொல்றது, காசு குடுத்து பார்ட் வாங்கறதுக்கு முன்னாடி பேட்டரி, ஃபியூஸ், கிரவுண்டு இத மூணையும் பாத்துடுங்க. இன்னொண்ணு, அடியில கை வைக்கறதுக்கு முன்னாடி ஃபியூஸ புடுங்கிடுங்க. யாராவது தெரியாம கதவ தொறந்துட்டா படி விரல பாத்து நிக்காது.

பாலைவனப் பயணி (அரிசோனா)

அண்ணா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை, ஆனா எங்க பக்கம் உப்பு கிடையாது, புழுதி. குவார்ட்சைட்ல குளிர் காலத்துல வண்டிங்க ஆயிரக்கணக்குல வந்து பாலைவனத்துலயே நிக்கும், அங்க ஒரு வாரம் நின்னாலே படியோட மூட்டு மூட்டுக்கு மாவு மாதிரி மண்ணு ஏறிடும். எங்க படி பாதியில நின்னதுக்கு காரணம் அதுதான்.

ஏன் நிக்குதுன்னு புரிஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரி. இப்போ வர்ற படிங்கள்ல பெரும்பாலும் இதுதான் கடைசி எடம்னு சொல்ல தனி ஸ்விட்ச் கிடையாது. படி முழுசா நீண்டோ மடங்கியோ முட்டி நிக்கும்போது மோட்டார் இழுக்கற கரண்ட் சட்டுனு ஏறும், கன்ட்ரோல் பாக்ஸ் அத பாத்துட்டு "சரி, வந்து சேந்தாச்சு"ன்னு நிறுத்திடும். வழியில யாரோட காலாவது தட்டினாலும் அதே கணக்குலதான் நிக்குது. அப்போ மூட்டு காஞ்சு இறுகிப்போச்சுன்னா பாதி வழியிலயே கரண்ட் ஏறிடும், பாக்ஸும் நிறுத்திடும். அது ஏமாந்துதான் நிக்குது, கெட்டுப்போயி இல்ல.

நான் பண்றது என்னன்னா, முதல்ல நல்லா ஃபோர்ஸா தண்ணி அடிச்சு மண்ண வெளியேத்தி, காயவிட்டு, ஒவ்வொரு பின், புஷ் (பின் சுத்தற சின்ன குழாய்), கியர் பல்லுன்னு எல்லா எடத்துக்கும் ஊடுருவுற சிலிகான் ஸ்ப்ரே அடிப்பேன். மண்ணோட மேலேயே கிரீஸ் அப்புறவங்கள பாத்திருக்கேன், அது உப்புத்தாள் பூசின மாதிரி ஆயி அந்த பின்னையே தேச்சுத் தின்னுடும். ஊர்ல இருக்கும்போது மாசம் ஒரு தடவ, இங்க புழுதில நின்னா இன்னும் சீக்கிரம்.

ஒயர் பத்தியும் சொல்லிடறேன், அமெரிக்க வண்டிங்கள்ல நிறைய இருக்கறது குவிக்கீ படி (இப்போ லிப்பர்ட் கம்பெனி கிட்ட இருக்கு), அதுல பாக்ஸுக்கு போற நாலு ஒயர்ல சிவப்பு நேரா பேட்டரி, மஞ்சள் இக்னிஷன், வெள்ளை கதவுகிட்ட இருக்கற ஆன்-ஆஃப் ஸ்விட்ச், பிரவுன் கதவு சென்சார். பிரவுன கிரவுண்டுல தொட்டா கதவு தொறந்த மாதிரின்னு நெனச்சு படி வெளிய வரணும், எடுத்தா உள்ள போகணும். தொட்டப்ப வந்துச்சுன்னா படி நல்லா இருக்கு, கோளாறு கதவு பக்கம். வரலன்னா மோட்டாருக்கு போற ரெண்டு ஒயர் பிளக்க பிரிச்சு பேட்டரிலேர்ந்து நேரா 12 வோல்ட் குடுங்க, பிளஸ் மைனஸ மாத்தி மாத்தி குடுத்தா உள்ளயும் வெளியவும் ஓடணும். மோட்டார் ஓடி, கரண்டும் கிரவுண்டும் சரியா இருந்து, அப்பவும் படி அசையலன்னா, அப்போதான் பாக்ஸ் மேல சந்தேகப்படணும்.

நாலு சக்கர வீடு (நியூ ஜெர்சி)

எங்க வீட்டு கதை கதவு பக்கம்தான். படி தானா உள்ள போகும், தானா வெளிய வரும், ரோட்டுல ஓட்டிக்கிட்டிருக்கும்போதே வெளிய வந்து நின்ன கொடுமையும் நடந்துச்சு, பின்னாடி வந்த கார்க்காரர் ஹாரன் அடிச்சு சொன்னார். கர்ப் (ரோட்டோர கல்லு) எதுலயாவது மோதியிருந்தா என்ன ஆயிருக்கும்னு இப்ப நெனச்சாலும் படபடங்குது.

கதவு நிலையில ஒரு சின்ன சென்சார், கதவுல ஒரு காந்தம், ரெண்டும் நேருக்கு நேர் வந்தா கதவு மூடியிருக்குன்னு அர்த்தம். வண்டி கதவு கனம், வருஷம் ஆக ஆக கீல் தளர்ந்து கதவு லேசா இறங்கும், நம்ம கண்ணுக்கு தெரியாது, ஆனா காந்தம் சென்சார விட்டு விலகிடும். ரோடு குலுக்கல்ல கதவு கொஞ்சம் அசைஞ்சாலே தொறந்துட்டாங்கன்னு நெனச்சு படி வெளிய வந்துடும். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கு, கதவ தொறந்து வச்சுகிட்டு ஃப்ரிட்ஜ் மேல ஒட்டற மாதிரி இல்லாம நல்ல பலமான காந்தம் ஒண்ண சென்சார்கிட்ட கொண்டு போங்க. படி உள்ள போச்சுன்னா சென்சார் நல்லாருக்கு, காந்தத்ததான் நகத்தணும். எங்களுக்கு கீல் ஸ்க்ரூவ முடுக்கி, காந்தத்துக்கு பின்னாடி சின்னதா ஒரு பிளாஸ்டிக் துண்டு வச்சு முன்னால தள்ளினதும் சரியாச்சு. படிக்கு அடியில லைட் இருந்தா அதையும் பாத்துக்கோங்க, கதவ தொறந்ததும் லைட் எரிஞ்சு படி மட்டும் வரலன்னா சென்சார் வேலை செய்யுதுன்னு அங்கயே தெரிஞ்சுடும்.

இன்னொரு விஷயம், இத தயவுசெஞ்சு எல்லாரும் வீட்டுல இருக்கறவங்களுக்கு சொல்லுங்க. அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தாங்க, முட்டி ஆபரேஷன் பண்ணவங்க. அவங்களுக்காகவே கேம்ப்ல ஸ்விட்ச ஆஃப் பண்ணி படிய வெளியவே நிக்க வச்சுடுவோம், ஏன்னா ஆஃப்ல இருந்தா கதவு மூடினாலும் படி உள்ள போகாது. ஆனா இக்னிஷன் ஆன் பண்ணின நொடியில, கதவு மூடியிருந்தா, ஸ்விட்ச் ஆஃப்ல இருந்தாலும் படி மடங்கி உள்ள போயிடும். வண்டி கெளம்பும்போது படி நீட்டிக்கிட்டு போகக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க, நல்ல ஏற்பாடுதான். ஆனா வெளியில படி மேல அம்மா உக்காந்து பூ கட்டிக்கிட்டிருக்காங்க, உள்ள யாரோ ரேடியோக்காக சாவிய திருப்பினா என்ன ஆகும்? அதனால எங்க வீட்டுல ஒரு பழக்கம், சாவி தொடறதுக்கு முன்னாடி "படியில யாரு?"ன்னு சத்தமா கேட்டுட்டுதான் திருப்புவோம். அதே மாதிரி இறங்கறவங்க எப்பவும் கீழ பாத்துட்டு, கைப்பிடிய புடிச்சுகிட்டு இறங்கணும். படி இருக்கும்னு நம்பி கால வச்சா, இல்லன்னா ரெண்டடிக்கு மேல நேரா தரைதான்.

வடக்குக் குளிர் (ஒன்ராறியோ)

அக்கா சொன்னது முக்கியமான விசயம், நாங்களும் இனி அப்பிடித்தான் கேக்கப்போறம். எங்கட பிரச்சினை வேற மாதிரி. இஞ்ச பனிக்காலத்தில ரோட்டில கொட்டுற உப்பு இருக்குதெல்லோ, அது கடல் உப்பிலும் பாக்க மோசம். நாங்கள் நவம்பரோட வண்டிய நிப்பாட்டி மூடிப்போட்டு வசந்தம் வந்தாப்பிறகுதான் எடுக்கிறது, எண்டாலும் கடைசி ஓட்டத்தில ஒட்டின உப்பு அஞ்சு மாசமா அடியில கிடந்து இரும்ப அரிச்சுப்போடும். மோட்டார் கைய படியோட பொருத்திற பின் இருக்குது, அது தேஞ்சு ஓட்டை பெருத்து, படி வெளிய வந்தாப்பிறகும் லொடலொட எண்டு ஆடினது, கால் வைக்க மனுசிக்குப் பயம். பின்னும் புஷ்ஷும் மாத்தினாப்பிறகுதான் இறுக்கமா நிண்டது. மோட்டார் ஓடுற சத்தம் கேக்குது படி அசையேல்லை எண்டா, அல்லது கடகட எண்டு பல்லு தாவுற சத்தம் கேட்டா, உள்ளுக்க கியர் பழுதாப்போட்டுது எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ, அதுக்கு கிரீஸ் அடிச்சுப் பலன் இல்லை.

மற்றது, வசந்தத்தில வண்டிய எடுக்கேக்க படி வேலை செய்யேல்லை எண்டு கனபேர் பதறுறவை. வண்டிக்குள்ள லைட்டுகளுக்குக் கரண்ட் குடுக்கிற பேட்டரி சார்ஜில கிடக்கும், லைட் எல்லாம் எரியும், ஆனா பல வண்டியளில படிக்குக் கரண்ட் வாறது என்ஜின் பேட்டரியில இருந்து, அது குளிருக்க செத்துப்போயிருக்கும். இல்லாட்டி ஸ்டோரேஜுக்கு எண்டு பேட்டரிய துண்டிக்கிற டிஸ்கனெக்ட் ஸ்விட்ச ஆஃப் பண்ணினது அப்பிடியே இருக்கும். முதல்ல அதைப் பாருங்கோ.

இப்ப நாங்கள் செய்யிறது, வண்டிய மூடிப்போட முதல் அடிப்பக்கத்த நல்ல தண்ணியால கழுவி, காயவிட்டு, படிய வெளிய எடுத்து கிரீஸ் போட்டு, பிறகு உள்ளுக்க விட்டு ஃபியூஸ கழட்டி வைக்கிறது.

ஹைலேண்ட் ஓட்டம் (ஸ்காட்லாந்து)

இங்க ஐரோப்பிய வண்டிங்க கொஞ்சம் வேற, ஃபியட் டுகாட்டோ வேன் மேல கட்டினதுதான் அதிகம், பல வண்டில கதவு காந்தமே கிடையாது, கதவுகிட்ட ஒரு பட்டன், அமுத்தினா வரும், அமுத்தினா போகும். மறந்துட்டு என்ஜின் ஸ்டார்ட் பண்ணினா சில வண்டில படி தானா உள்ள போகும், சில வண்டில பஸ்ஸர் மட்டும் கத்தும். செகண்ட் ஹேண்ட் வாங்கறவங்க உங்க வண்டி இதுல எந்த ரகம்னு முதல் நாளே பாத்துக்கணும். எங்களுக்கு நார்த் கோஸ்ட் 500ல (ஸ்காட்லாந்து வடக்கு கடலோரத்த சுத்தற ரூட்) ஒரு வண்டி மட்டும் போற ரோட்டுல, எதிர் வண்டிக்கு ஒதுங்கி நின்ன எடத்துல பஸ்ஸர் விடாம கத்த ஆரம்பிச்சுடுச்சு, படி உள்ளதான் இருக்கு. படி உள்ள வந்துடுச்சுன்னு சொல்ற சின்ன மைக்ரோ ஸ்விட்ச்ல சேறு காஞ்சு ஒட்டியிருந்துச்சு, தண்ணி ஊத்தி பழைய டூத் பிரஷ்ஷால தேச்சதும் வாயடங்கிடுச்சு.

எனக்கு ஒரு கேள்வி இருக்கு. எங்கயோ நடுவழியில படி வெளிய மாட்டிக்கிட்டு உள்ளயே போகலன்னா என்ன பண்றது? நீட்டிக்கிட்டு ஓட்டவும் முடியாதே.

கடலோர வண்டி (டெக்சஸ்)

ஓட்டவே கூடாதுங்க, ஒரு அடிகூட. வண்டிய சமமான எடத்துல நிறுத்தி, இக்னிஷன் ஆஃப், படியோட ஃபியூஸ புடுங்குங்க. அடியில பாத்தா மோட்டார் கைய படியோட சேக்கற பின்னும் அது கழலாம புடிச்சிருக்கற ஒரு காட்டர் பின்னோ கிளிப்போ இருக்கும், அத உருவினா படி மோட்டார விட்டு விடுபட்டுடும், கையாலேயே தூக்கி மடக்கிடலாம். கனமா இருக்கும், ரெண்டு பேரு புடிச்சா நல்லது. மடக்கினதும் ராட்செட் ஸ்ட்ராப்போ (இறுக்கிக் கட்டற பட்டை) தடியான கம்பியோ வச்சு சேஸியோட இழுத்துக் கட்டுங்க. ரப்பர் பஞ்சி கயிறு வேணாம், பள்ளத்துல குதிக்கும்போது நீண்டு குடுத்துடும். கட்டும்போது பக்கத்துல பிரேக் லைன், எக்ஸாஸ்ட் குழாய் போகுதான்னு பாத்துட்டு அதுல படாம கட்டணும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு நிறுத்தி, கட்டு தளர்ந்துடுச்சான்னு ஒரு தடவ குனிஞ்சு பாத்துட்டு போங்க.

உருவின அந்த பின்னை டேஷ்போர்டு டப்பாவுலயே போட்டு வைங்க, கூடவே ஒரு ஸ்பேர் ஃபியூஸ், ஒரு சின்ன மல்டிமீட்டர், மடக்கு ஸ்டூல் ஒண்ணு. படி கட்டிக் கெடக்கற வரைக்கும் ஏறி இறங்க அந்த ஸ்டூல்தான். நாலு காலும் ரப்பர் வச்சதா, அகலமா பாத்து வாங்குங்க.