மலையிலிருந்து வீடியோ இன்டர்வியூ: கரண்ட், சிக்னல், தகரக்கூரை

குன்னூரிலிருந்து:
நீலகிரியில் வீட்டிலிருந்தே வேலைக்கான வீடியோ இன்டர்வியூவில் உட்காருபவர்களுக்குச் சொல்கிறேன். கேள்வி பதில் தயாரிப்பு எந்த ஊருக்கும் ஒன்றுதான். இங்கே முதலில் கரண்டைப் பாருங்கள். காற்றில் ஒரு கற்பூரமரக் கிளை கம்பிமேல் விழுந்தால் போதும். லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும், ஆனால் ஃபைபர் மோடமும் ரூட்டரும் அந்த நொடியே அணைந்துவிடும். மினி யுபிஎஸ் (கரண்ட் போனாலும் மோடத்தை ஓட்டும் சின்ன பேட்டரி) வாங்குமுன் மோடம், ரூட்டர் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 முதல் 2 ஆம்பியர். 9 வோல்ட் மோடத்துக்கு 12 வோல்ட் கொடுத்தால் மோடமே போய்விடலாம். மோடமும் ரூட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் பேக்கப் வேண்டும். பவர் பேங்கை 12 வோல்ட் கேபிளோடு மாட்டுவதும் உண்டு: 10,000 எம்ஏஎச் என்பது 37 வாட் மணி, இழப்பு போக 28 தேறும். 8 வாட் இழுக்கும் ரூட்டருக்கு மூன்றரை மணி நேரம். முந்தின நாளே மெயினை அணைத்துவிட்டு அரை மணி ஓட்டிப் பாருங்கள்.

கூடலூரிலிருந்து:
யுபிஎஸ் சரிதான் அண்ணா. ஆனால் கம்பத்தில் தொங்கும் ஃபைபர் கேபிளும் அதே கிளையில்தான் அறுகிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கம் வேறொரு கம்பெனி சிம் கையில் இல்லாமல் உட்காரவே கூடாது. எல்லையோரம் போன் கேரளா, கர்நாடகா டவரைப் பிடித்துக்கொண்டு தடுமாறும். ஜன்னல் ஜன்னலாகப் போய் அளந்து பாருங்கள். பார்க்க வேண்டியது டவுன்லோடு அல்ல, அப்லோடு. ஜூமில் இருவர் மட்டும் பேசும் 720பி வீடியோவுக்கு நொடிக்கு 1.2 மெகாபிட் (Mbps) போதும். இன்டர்வியூ நடக்கும் அதே மணிக்கு, இரண்டு மூன்று நாள் அளக்க வேண்டும். 5ஜி வந்து வந்து போனால் 4ஜியில் நிறுத்துங்கள். மாறும் இடத்தில்தான் குரல் அறுபடும். ஹாட்ஸ்பாட்டை விட யூஎஸ்பி கேபிள் வழி நெட் நிதானம், போனும் சார்ஜ் ஏறும்.

கோத்தகிரியிலிருந்து:
எஸ்டேட் லயன் (தொழிலாளர் வரிசை) வீட்டுத் தகரக்கூரையை யாரும் சொல்லவில்லையே! மழை இறங்கினால் லேப்டாப் மைக்கில் மழை மட்டும்தான் கேட்கும். மைக் வாய்க்கு அருகே வரும் ஒயர் ஹெட்செட் போடுங்கள். ஜூம் ஆடியோ செட்டிங்கில் இரைச்சல் குறைப்பை 'ஹை'யில் வைக்கலாம், ஆனால் அது சொல்லின் கடைசி எழுத்தையும் சேர்த்து விழுங்கும். ஒருவரை எதிர்முனையில் வைத்துச் சோதியுங்கள்.

வெளிச்சம்: ஜன்னல் முகத்துக்கு நேரே இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் வேண்டாம். மிஸ்ட் ஏறினால் பத்து நிமிஷத்தில் அறை இருண்டுவிடும், அதனால் பகலிலும் ஒரு விளக்கு எரியட்டும். குளிர்ந்த லேப்டாப்பை ஹீட்டர் போட்ட அறைக்குள் கொண்டுவந்தால் கேமரா கண்ணாடியில் நீர் பூக்கும். கால் மணி முன்பே கொண்டுவந்து துடைத்து வையுங்கள். இன்டர்வியூ தொடங்கியதும் ஹீட்டரை அணையுங்கள். 2,000 வாட் ஹீட்டரோடு யாராவது கெட்டிலையும் போட்டால் டிரிப் ஆகும்.

ஊட்டியிலிருந்து:
எந்த நேரம் வசதி என்று கம்பெனி கேட்டால் வார நாள் காலையைக் கேளுங்கள். ஏப்ரல், மே சீசனில் சனி ஞாயிறு டவர் மூச்சுத் திணறும். லண்டன் கம்பெனி அங்கத்திய காலை 10 மணி என்றால் குளிர்காலத்தில் நமக்கு 3:30, மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை 2:30. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

லிங்கில் நுழையுமுன் திரையில் வரும் பெயரைப் பாருங்கள், சில சமயம் அது அம்மா மெயில் கணக்கின் பெயராக இருக்கும். எச்ஆர் நம்பரைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். இணைப்பு அறுந்தால் அதே லிங்கில் போன் வழியாக உடனே திரும்ப நுழைந்து, வீடியோவை அணைத்துக் குரலில் தொடருங்கள்.

கூடலூரிலிருந்து:
ஒன்று விட்டுப்போச்சு. கேள்வி முடிந்தபின் ஒரு நொடி விட்டுப் பேசுங்கள். நெட் தாமதத்தில் அவர்கள் இன்னும் பேசி முடித்திருக்க மாட்டார்கள்.